ஆம்புலன்ஸ் மருந்துப் பை: கேட்டதும் சொன்னதும்

பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக ஓடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மருந்துப் பையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கீழே வரும் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. சேவைக்குச் சேவை நெறிமுறை மாறும் என்பதால், பயிற்சியில் இருப்பவர்கள் கையில் சிரிஞ்ச் எடுக்கும்போது உங்கள் நெறிமுறையைப் பாருங்கள், என்னை அல்ல.

அக்கா, பையில் ஒரே ஒரு மருந்துதான் வைக்கலாம் என்றால் எதை வைப்பீர்கள்? (முதலாமாண்டு பாராமெடிக் மாணவர்)

யோசிக்கவே வேண்டாம் தம்பி, அட்ரினலின்.

குளவி கொட்டிய ஒரு பெண்மணியிடம் போனோம். உதடு தடித்து, குரல் கரகரத்து, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. பிபி மேலெண் 70. தொடையின் நடுவில், வெளிப்பக்கத் தசையில் 0.5 மி.கி. போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, "நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது, என்னம்மா ஊசி போட்டே?" என்று என்னைத் திட்டினார். திட்டுகிற அளவுக்குக் குரல் திரும்பிவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

தளர்ந்துபோன இரத்தக் குழாய்களை அது இறுக்குகிறது, இறுகிப்போன மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது, வீக்கத்தை வடிய வைக்கிறது. ஒரே மருந்து இத்தனையையும் செய்கிறது. அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் அரிப்புக்கும் தடிப்புக்கும் உதவலாம், ஆனால் அடைக்கிற தொண்டையையும் விழுகிற பிபியையும் அவை நிமிர்த்தாது. "முதலில் அலர்ஜி ஊசி போட்டுப் பார்ப்போம்" என்று காத்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் நடக்கவிடாதீர்கள். பிபி விழுந்து கிடக்கும்போது சட்டென்று எழுந்து நிற்பதாலேயே இதயம் நின்றுபோனவர்கள் உண்டு.

அட்ரினலினில் 1:1000, 1:10,000 என்று இரண்டு இருக்கிறதே, ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். (அதே மாணவர்)

நீ மட்டும் குழம்பவில்லை. அமெரிக்காவில் 2016-இல் இந்த விகிதக் கணக்கை அட்ரினலின் லேபிளிலிருந்தே எடுத்துவிட்டார்கள், அவ்வளவு தவறு நடந்தது.

விகிதத்தை மறந்துவிடு. ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று மட்டும் கேள். 1:1000 என்றால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. 1:10,000 என்றால் ஒரு மி.லி.யில் 0.1 மி.கி. ஒவ்வாமைக்கு முதல் வகையில் அரை மி.லி., தசையில். இதயம் நின்றவருக்கு இரண்டாவது வகையில் 10 மி.லி., அதாவது 1 மி.கி., ஐவி வழியாக (நேராக இரத்த நாளத்துக்குள்), 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. நாடி துடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த 1 மி.கி.யை அப்படியே ஐவியில் தள்ளினால் இதயம் தாறுமாறாகிவிடும்.

புதிதாகச் சேர்ந்த காலத்தில் நானே அந்த விளிம்புவரை போயிருக்கிறேன். ஐவி போட்டாயிற்று, கை தானாக அந்தப் பக்கம் போனது. கூட இருந்த அண்ணன் "என்ன மருந்து, எவ்வளவு, எங்கே?" என்று சத்தமாகக் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. இன்றுவரை ஆம்ப்யூலைக் கையில் எடுத்தால் பெயர், அளவு, காலாவதி மூன்றையும் வாய்விட்டுப் படித்து, கூட இருப்பவரிடம் காட்டிவிட்டுத்தான் உடைக்கிறேன்.

அப்பாவுக்கு வீட்டிலேயே இதயம் நின்றுவிட்டது. அட்ரினலின் பலமுறை போட்டார்கள், பிழைக்கவில்லை. இன்னும் சீக்கிரம் போட்டிருந்தால்? (ஒரு மகள்)

அம்மா, இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்காதீர்கள். இங்கிலாந்தில் 8,000 பேருக்கு மேல் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. பாதிப் பேருக்கு அட்ரினலின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 3.2 சதவீதம், இரண்டாவதில் 2.4. வித்தியாசம் அவ்வளவுதான். அதிலும், பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் குழுவில் அதிகம். நின்ற இதயத்தை அது மறுபடி துடிக்க வைக்கலாம். இரத்தம் போகாமல் கிடந்த மூளையை மீட்க அதனால் முடியாது. அந்த வேலையை ஓரளவு செய்வது விழுந்த நொடியிலிருந்து நெஞ்சை அமுக்கும் கைகளும், சில சமயங்களில் மின் அதிர்ச்சியும்தான். ஊசி தாமதமானதால் அப்பாவை இழந்தோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமா?

கூடாது. அது நைட்ரேட், இரத்தக் குழாய்களை விரிக்கும். வலி குறையும், கூடவே பிபியும் இறங்கும். மேலெண் 90-க்குக் கீழே இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட மாரடைப்பிலும் பிபி கிடுகிடுவென்று சரியும், அதனால் இசிஜி பார்த்துவிட்டுத்தான்.

இன்னொன்று, ஆண்மைக்கான மாத்திரை. சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள், டடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கொடுத்தால் பிபி பாதாளத்துக்குப் போய்விடும். குடும்பமே சுற்றி நிற்கும்போது "அந்த மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. அதனால் வண்டிக்குள் ஏற்றி, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பேன். பதில் மாறும். பல தடவை மாறியிருக்கிறது.

எங்கள் பையில் இருப்பவற்றில், மாரடைப்பில் உயிர் காப்பதாக உறுதியான சான்று உள்ளது ஆஸ்பிரினுக்குத்தான். 17,000 பேருக்கு மேல் நடந்த ஆய்வு 1988-இல் வெளியானது. ஐந்து வார இறப்பை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்தது. 300 மி.கி.யை மென்று விழுங்கச் சொல்வோம், மென்றால் சீக்கிரம் வேலை செய்யும். ஆஸ்பிரின் அலர்ஜியோ இரத்தக் கசிவோ இருப்பவர்களுக்குக் கிடையாது.

எனக்கு இதயத் துடிப்பு 190-க்குப் போனபோது ஒரு ஊசி போட்டார்கள். சில நொடி செத்தே போய்விட்டேன் என்று நினைத்தேன். அது என்ன?

அடினோசின். அப்படி நினைத்தது நீங்கள் மட்டும் இல்லை. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் பாதையை அது சில நொடி அடைத்துவிடும். சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த மின்சுழல் அறுந்து, இதயம் தன் இயல்பான தாளத்துக்கு வரும். அந்த இடைவெளியில் மானிட்டரில் கோடு நேராக ஓடும். எத்தனை முறை போட்டாலும் அந்தக் கோட்டைப் பார்க்கையில் என் மூச்சும் நின்றுதான் வருகிறது.

பத்து நொடிக்குள் பாதி மருந்து இரத்தத்திலேயே அழிந்துவிடும். அதனால் முழங்கை மடிப்பில் பெரிய நரம்பு பார்த்து, 6 மி.கி.யை ஒரே தள்ளாகத் தள்ளி, பின்னாலேயே 20 மி.லி. உப்புநீரையும் தள்ளி, கையை உயர்த்திப் பிடிப்போம். மெதுவாகப் போட்டால் இதயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காலியாகிவிடும். நிறைய காபி குடித்திருந்தாலும் வேகம் குறையும், காஃபின் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால்.

உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு. "பத்து நொடி ரொம்ப மோசமா இருக்கும், நெஞ்சை அழுத்தும், உடனே போயிடும், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நான் போடுவேன். அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: 10 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டன் அசைகிற அளவுக்கு 15 நொடி ஊதச் சொல்லி, உடனே மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிப்பது. 2015-இல் வந்த ஆய்வில் இதிலேயே 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சரியாகியிருக்கிறது. உட்கார்ந்தபடியே ஊதும் பழைய முறையில் 17 சதவீதம்தான். ஊசியே தேவைப்படாமல் போகும் நாள் எனக்குப் பிடித்த நாள்.

வலிப்பு வந்தவருக்கு ஐவி போடாமல் தொடையில் ஊசி போட்டார்களே, சரியா? (ஒரு செவிலியர் மாணவி)

சரிதான். கை கால் இழுத்துக்கொண்டிருப்பவருக்கு நரம்பு தேடிப் பாருங்கள், தெரியும். தசையில் மிடசோலம் 10 மி.கி., அல்லது ஐவியில் லோரசெபம் 4 மி.கி. என்று ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வந்தது. மருத்துவமனை சேர்வதற்குள் வலிப்பு நின்றது தசை ஊசியில் 73 சதவீதம் பேருக்கு, ஐவியில் 63. ஐவி மருந்து உள்ளே போனபின் வேகமாகத்தான் வேலை செய்தது, ஆனால் ஊசியை ஏற்றுவதிலேயே அந்த நேரம் போய்விட்டது. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்புக்கு இது. போட்டபின் மூச்சைக் கவனியுங்கள், குறையலாம். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்க மறக்காதீர்கள்.

சர்க்கரை இறங்கி மயங்கினவருக்கு?

விழுங்க முடிந்தால் வாய்வழி 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். நாங்கள் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை (குளுக்கோஸ் கரைசல்) ஐவியில் ஏற்றுவோம். முன்பு எல்லோரும் 50 சதவீதத்தைத்தான் தள்ளினார்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே செத்துவிடும். ஐவி கிடைக்காதபோது குளுக்ககான் 1 மி.கி. தசையில். கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு இருந்தால்தான் அது பலிக்கும், பட்டினியிலும் நிறைய குடித்தவரிடமும் ஏமாற்றும்.

பூச்சிமருந்து குடித்தவருக்குக் கண்ணின் பாவை விரியும்வரை அட்ரோபின் போட வேண்டும் என்று படித்தேன்.

பாவையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆளைக் கோட்டைவிடுவீர்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து விஷத்தில் ஆளைக் கொல்வது நுரையீரலில் ஊறும் சளி. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வையுங்கள்; களகளவென்ற சத்தம் போய் மூச்சு தெளிவாகக் கேட்கிறதா, நாடி 80-க்கு மேல் வந்ததா, பிபி நிற்கிறதா என்று பாருங்கள். 2 மி.கி.யில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கு மொத்தம் 3 மி.கி. போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பையிலிருக்கும் ஆம்ப்யூல் எல்லாம் தீர்ந்துபோகலாம். அதற்கு முன்னால் கையுறை போட்டு, நனைந்த துணியைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நோயாளி நீங்கள்.

நாலக்சோன் போட்டதும் எழுந்து எங்களை அடிக்க வந்தார். அளவு அதிகமா? (பயிற்சி முடித்த புதியவர்)

பெரும்பாலும் அப்படித்தான். நாலக்சோன் ஓபியாய்டுக்கு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) முறிமருந்து. ஓபியாய்டை ஒரே வீச்சில் பிடுங்கினால் வாந்தி, நடுக்கம், ஆத்திரம் எல்லாம் சேர்ந்து வரும். அவர் எழுந்து பேச வேண்டியதில்லை, மூச்சுவிட்டால் போதும். முதலில் பேக்-மாஸ்க்கால் மூச்சுக் கொடுத்துவிட்டு, ஐவியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். எழுந்தவரை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். நாலக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும், அவர் எடுத்தது அதற்குப் பின்னும் உடம்பில் இருக்கலாம்.

ஆக்சிஜனும் மருந்தா?

ஆமாம். அளவு பார்த்துத்தான். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பொதுவாக 94 முதல் 98 சதவீதம், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கு 88 முதல் 92.

விபத்தில் இரத்தம் நிற்க ஊசி இருக்கிறதாமே?

டிரானெக்ஸாமிக் அமிலம். 1 கிராம், பத்து நிமிடத்தில், அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள். உடம்பு கட்டிய இரத்தக் கட்டி கரையாமல் காக்கும். ஓட்டையை அடைக்காது, காயத்தை அழுத்திப் பிடிக்கும் வேலை உங்கள் கைக்குத்தான். 2010-இல் வந்த ஆய்வு 20,000 பேருக்கு மேல் பார்த்தது. மூன்று மணி நேரம் கழித்துப் போட்டவர்களில் இரத்தக் கசிவால் இறப்பு கூடியது, அதனால் அடிபட்ட நேரத்தைக் கேட்டுக் கையுறையிலேயே எழுதிவைப்பேன்.

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மருந்து கெடாதா?

கெடும். லோரசெபம் குளிரில் இருக்க வேண்டியது. பல வண்டிகளில் மிடசோலம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அட்ரினலின் வெளிச்சமும் சூடும் பட்டால் இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும். ஷிப்ட் தொடங்கும்போது ஆம்ப்யூல்களை ஒவ்வொன்றாக வெள்ளைத்தாளின் முன் பிடித்துப் பார்ப்பேன். போன வாரம் ஒன்று லேசாக நிறம் மாறியிருந்தது, தேதி இன்னும் ஐந்து மாதம் பாக்கி. ஒதுக்கி வைத்து, பதிவேட்டில் எழுதி, அடுத்த ஷிப்ட் அண்ணனிடமும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.