பள்ளிக்கரணைக்கு எப்போது போவது?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக மார்கழி, தை மாதங்களில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பத்து மணியளவில் சென்று படமெடுத்து வருகிறேன். நீளவால் இலைக்கோழியின் வால் ஒரு படத்திலும் அகப்படவில்லை. வெள்ளாம்பல்கள் கூம்பியே கிடக்கின்றன. என் பிழை என்ன?
- வாசகர் ஒருவர், மேடவாக்கம்

பதில்: பிழை உங்கள் நாட்காட்டியிலும் கடிகாரத்திலும் இருக்கிறது. இலைக்கோழிக்கு நீண்ட வாலும் பிடரியின் பொன்னிறமும் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே வாய்ப்பவை. குளிர்காலத்தில் அவற்றை இழந்து மங்கிய பழுப்பு நிறத்தில் திரிவதால், அப்பறவை உங்கள் படங்களில் இருந்தும் நீங்கள் அதை அடையாளம் காணாமல் விட்டிருக்கக்கூடும். ஆனி முதல் ஆவணி வரை போய்ப் பாருங்கள். வெள்ளாம்பல் இரவில் மலர்ந்து முற்பகலில் கூம்பும் பூ என்பதால், அதற்கு விடியலிலேயே கரையில் நிற்க வேண்டும். காலையில் விரியும் நெய்தல் சற்றுத் தாமதமாக வருபவரையும் பொறுத்துக்கொள்ளும்.

மார்கழியைக் கைவிட வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய நீரில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வலசைப் பறவைகள் அப்போதுதான் இருக்கும். சூரியனும் தெற்கே சாய்ந்து செல்வதால், பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையோரம் வடக்கு நோக்கி நிற்பவருக்கு ஒளி முதுகுப்புறமிருந்து கிடைக்கும். மாசிக்குப் பின் நீர் வற்றிச் சேறு வெளிப்படும்போது உள்ளான்களும், சில ஆண்டுகளில் பூநாரைகளும் அங்கே இரைதேடும். அப்பருவத்தில் எட்டு மணிக்கே கேமராவை மூடிவிடுவது நல்லது. சூடேறிய தரையிலிருந்து எழும் கானல் அலை, எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாயினும் படத்தைக் கலங்கடித்துவிடும். கொக்கு, கூழைக்கடா போன்ற வெண்பறவைகளுக்கு ஒளியளவைச் சற்றுக் குறைத்து வையுங்கள், இல்லையேல் இறகின் வரிகள் வெளுத்துப்போகும்.

இது 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்க்கப்பட்ட காப்பு நிலம். சாலையோரத்தை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள். கோடையில் ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் (பெயரே சொல்லிவிடுகிறது) வெறுந்தரையில் அதன் முட்டைகள் அருகில் இருக்கலாம். தாய் விலகியிருக்கும் நேரத்தில் வெயில் முட்டைக் கருவைக் கொன்றுவிடும் ஆகையால், படத்தை மறந்துவிட்டு உடனே பின்வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் கைப்பேசி மட்டுமே உள்ளது. பயனுண்டா?
- வாசகி ஒருவர், வேளச்சேரி

பதில்: பறவைக்கு இல்லை, பூவுக்கு உண்டு. மழை ஓய்ந்தபின் கரையோரம் ஊதா நிறத்தில் பூக்கும் நீர்முள்ளியிலிருந்து தொடங்கலாம், முள்ளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரையின் பூவும் அழகாகவே இருக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை மூடிவரும் களை அது என்பதால், அதற்குப் பின்னால் மறைந்துபோன நீரும் தெரியுமாறு எடுங்கள்.