பதினான்கு கால்கள்

வணக்கம் ஐயா,
என் பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலரின் இடது ஸ்டிக் தொடாமலே ஒரு பக்கம் இழுக்கிறது. ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வாங்கி வைத்திருக்கிறேன். நானே மாற்றட்டா, கடையில் கொடுக்கட்டா? 'விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு மினக்கெடுவதா' என்கிறார் அப்பா. சின்ன விஷயத்துக்கு உங்கள் நேரத்தை எடுக்கிறேன், மன்னியுங்கள்.
– ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

சின்ன விஷயம் என்று இனி எழுத வேண்டாம். போன கிழமை அப்பாவின் தகரப் பெட்டியை ஒதுக்கும்போது பழைய சைக்கிள் டைனமோ ஒன்று கையில் வந்தது. அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உம்முடைய கடிதம்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றறிக்கும் தடை. டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். அப்பா பழுதான றேடியோ ஒன்றில் இருந்து மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் நாலு டயோட் கழற்றி, தணலில் காய்ச்சிய செப்புக் கம்பியால் ஈயம் உருக்கி ஒட்டினார். ஸ்டாண்டில் விட்ட சைக்கிளை நான் மிதிப்பேன். கால் ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அடங்கிவிடும், அப்பா திரும்பிப் பார்ப்பார். முதல் நாள் குரலுக்கு மேலே ஒரே இரைச்சல். அடுத்த நாள் மின்னின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ஒரு கொள்ளளவி சேர்த்தார், இரைச்சல் போய்விட்டது. ஏன் போனது என்று முற்றத்து மணலில் கோடு கீறிக் காட்டினார்.

கடையில் கொடுக்கட்டா என்று கேட்டீரே, அதற்குத்தான் கோபம் வருகிறது. சாமானையும் வாங்கிவிட்டு என்ன பயம்? பழைய ஸ்டிக்கில் கரித்தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசுகிறது. தடம் தேய்ந்தால் தானாக இழுக்கும். நீர் வாங்கிய ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் அசைவை அளப்பது காந்தம், உரசல் இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் கழற்றும்போது அவசரம் கூடாது. ஒரு ஸ்டிக்கைச் சுற்றுப் பலகையோடு பிடித்திருப்பது 14 உலோகக் கால்கள். தொழிற்சாலையில் அவற்றை ஒட்ட வைப்பது ஈயம் கலக்காத பற்றாசு, உருக 217 பாகை வேண்டும். ஒவ்வொரு காலிலும் 183 பாகையில் உருகும் ஈயப் பற்றாசைக் கொஞ்சம் சேர்த்து உருக்கும், கலந்ததும் இளகும். பிறகு உறிஞ்சி எடும். பலகையின் அகலச் செப்புத் தடத்தோடு சேர்ந்த கால்கள் சூட்டை இழுத்துக்கொள்ளும், அங்கே கூடுதல் நேரம் பிடியும். ஒரு கால் அசையாவிட்டாலும் இழுக்க வேண்டாம், செப்பும் சேர்ந்து உரியும். பதினான்கும் அசைய வேண்டும். பதின்மூன்று போதாது.

உம்முடைய அப்பாவோடு வாதாட வேண்டாம். டோர்ச் பிடிக்கக் கூப்பிடும். தொடங்குமுன் பற்றறி வயரைக் கழற்ற மறக்காதேயும்.