எல்லா அரசுச் சேவைகளையும் ஒரே இணையதளத்தில் கொண்டுவந்தால் அலைச்சல் தீருமா?

கேள்வி: மத்திய அரசு, மாநில அரசு, நகராட்சி என்று ஆளுக்கொரு இணையதளம் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் மக்கள் அலைய வேண்டியிருக்காதே, ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?

ஒன்றாக்கினாலும் அலைச்சல் தீராது என்பதுதான் என் பதில். ஒரு தாலுகா ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். எந்தத் தளத்துக்குப் போவது என்று தெரியாமல் என்னிடம் வருகிறவர்கள் குறைவு. ஓர் அலுவலகம் கொடுத்த சான்றை இன்னோர் அலுவலகம் ஏற்கவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

ஓபிசி, அதாவது மத்திய அரசுக் கணக்கில் பிற்படுத்தப்பட்டோருக்கான சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் சாதிச் சான்றிதழ் இருக்கும். பொறியியல் கலந்தாய்வுக்கு அது போதும். அதே பிள்ளை ஐஐடிக்கோ, மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கோ போனால் அந்தச் சான்று செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் தனியாக ஓபிசி சான்று வேண்டும். ஐஐடிக்கான ஜேஇஇ மாதிரி நுழைவுத் தேர்வுகளில் அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இரண்டையும் தருவது ஒரே தாலுகா அலுவலகம். விசாரித்து அறிக்கை அனுப்புவதும் அதே கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), அதே வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ).

இதற்குக் காரணம் மென்பொருள் இல்லை. மாநிலப் பட்டியலில் பிசி, எம்பிசி என்று இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் கிடையாது. தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் விதி) பார்ப்பதில்லை, மத்தியில் பார்க்கிறார்கள். சரி, மாநில அரசு கொடுத்த வருமானச் சான்றை வைத்து அதை முடிவு செய்யலாமே என்றால், அதுவும் முடியாது. நம் வருமானச் சான்றில் சம்பளம், விவசாயம் எல்லாம் சேர்ந்துதான் தொகை வரும். கிரீமி லேயருக்கான 8 லட்சம் ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது, அவர்கள் வகிக்கும் பதவியைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு கணக்கும் வேறு வேறு. இதை ஒரே தளத்தில் போட்டால், ஒரே தளத்தில் இரண்டு விண்ணப்பம் இருக்கும். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று செய்யலாம். அந்தப் பிள்ளையின் சாதி வருடாவருடம் மாறப்போவதில்லை. அந்தப் பகுதியை மாநிலத்தின் தரவிலிருந்து கலந்தாய்வு நடத்தும் அமைப்பே நேராக எடுத்துக்கொண்டு, கிரீமி லேயரை மட்டும் புதிதாகப் பார்த்தால் போதும். விண்ணப்பிப்பவர் தாளைச் சுமந்துகொண்டு போகவே தேவையில்லை. மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் துறைகளே நேரடியாக வெளியிடும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று 2017லேயே விதி வந்துவிட்டது. அப்படியிருந்தும் "ஒரிஜினல் கொண்டு வா" என்கிற கவுன்டர்கள் இன்னமும் இருக்கின்றன என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம். வழியைப் போட்டுவிட்டார்கள், அதில் போக வேண்டும் என்று அலுவலகத்தைக் கட்டாயப்படுத்த ஆள் இல்லை.

நம்மால் முடியாது என்றும் சொல்ல மாட்டேன். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' 2019ல் நான்கு மாநிலங்களோடு தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததோடு நாடு முழுக்க வந்துவிட்டது. இதற்காக எந்த மாநிலமும் தன் கார்டையோ கூடுதல் சலுகைகளையோ விட்டுக்கொடுக்கவில்லை. பீகாரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்தவர் இங்கே கைரேகை வைத்தால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவருக்குள்ள அளவு கிடைக்கும். நம் மாநிலம் தன் அட்டைதாரர்களுக்குத் தரும் மற்ற பொருட்கள் கிடைக்காது. யாருடைய சலுகை எதுவரை, எந்தப் பங்கு யார் கணக்கில் சேரும் என்பதை முதலில் பேசி முடித்தார்கள். மென்பொருளெல்லாம் அதற்கு அப்புறம்தான். சான்றிதழ் விஷயத்தில் இந்த முதல் வேலைதான் நடக்கவில்லை.

நம் ஊருக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "எஸ். முருகன்". பான் விண்ணப்பம் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அதில் அப்பா பெயர் முழுசாக வந்துவிடும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். ஆங்கில எழுத்துகளில் லட்சுமியை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். ஆள் பார்த்தால் ஒருவர்தான் என்று புரியும், கணினிக்கு மூன்று பேர். ஆதாரையும் பானையும் இணைக்க முடியாமல், பிஎஃப் பணம் எடுக்க முடியாமல் தவித்து நிற்கிறவர்களில் பலருக்கு இதுதான் பிரச்சினை. திருத்தலாம் என்றால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையின் ஆவணத்தை ஆதாரமாகக் கேட்கும். எந்தப் பதிவு சரியானது என்று முடிவு சொல்லும் பொறுப்பு யாரிடமும் இல்லை. படிப்பறிவில்லாத ஒரு அம்மா இந்த வட்டத்துக்குள் மாட்டினால் வெளியே வர மாதக்கணக்காகிறது. கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் வர வேண்டும்.

இதில் எனக்கு நம்பிக்கை தரும் மாற்றம், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023ல் செய்த திருத்தம். அந்த வருடம் அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். நகராட்சி அளவில் பதிவாகும் ஒரு தகவலை மாநிலமும் மத்தியும் அப்படியே எடுத்துக்கொள்ளும் முறை இது.

அதனால் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர் இல்லாமல் வாங்கிய பிறப்புச் சான்றிதழை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள். 12 மாதத்துக்குள் பெயரைப் பதிந்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை பதியலாம். ஆங்கில எழுத்துகளையும், அப்பா அம்மா பெயர் அவரவர் ஆதாரில் இருப்பதுபோலவே வந்திருக்கிறதா என்பதையும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, அதற்கப்புறம் குழந்தைக்கு ஆதார் எடுங்கள்.