செட்டிநாட்டுக் கிராமப் பள்ளியில் பாரம்பரியப் பண்புகளையும் நவீனக் கல்வியையும் எப்படி இணைப்பது?

காரைக்குடிப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில், பண்பாட்டைச் சொல்லித்தர வாரம் ஒரு நீதிபோதனைப் பீரியட் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்ட வேண்டாம். பிள்ளைகள் குறளை ஒப்பிப்பார்கள், மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். நாணயமும் சிக்கனமும் தண்ணீர் மேல் மரியாதையும் இந்த மண்ணில் வேலையோடு வேலையாகப் பழகி வந்தவை. இருக்கிற பாடத்துக்குள்ளேயே அந்த வேலைகளைக் கொண்டுவாருங்கள்.

முதலில் கணக்கு. பர்மா, மலேயாவில் இருந்த செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்குப் போன பையன்கள் பெட்டியடியாக (கடைநிலை உதவியாளாக)ச் சேர்ந்து, அடுத்தாள், மேலாள் என்று உயரக் கணக்குச் சுத்தம்தான் அடிப்படை. ஆயிரம் ரூபாய் முதலீட்டில் ஒரு நோட்டு, பென்சில் கடை வையுங்கள். வாரத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு. விற்றதும் குறிப்பேட்டில் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை பேரேட்டில் ஏற்ற வேண்டும், மாதக் கடைசியில் ஐந்தொகை, அதாவது வரவு செலவு, இருப்பு எல்லாவற்றையும் தொகுத்த கணக்கு. அடித்து எழுதினால் ஒரே கோடு, ஒயிட்னர் கூடாது. மூன்று மாதம் கையால் எழுதிய பிறகு அதே எண்களை எக்ஸெல்லில் போடட்டும். எடுத்தவுடன் எக்ஸெல் என்றால், கூட்டலில் ஒரு வரி விட்டுப்போனால்கூட யார் கண்ணிலும் படாது.

இதில் வரும் பெரிய சிக்கல்: மாலையில் ஏழு ரூபாய் குறைந்தால் பிள்ளை தன் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டிவிடும். ‘குறைவு ரூ.7’ என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். திட்டவும் கூடாது, அந்தக் காசை வாங்கவும் கூடாது. திட்டினால் மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். நேர்மை என்ற பாடம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அடுத்தது மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் ஆயிரம் லிட்டர். வீட்டு முற்றத்திலும் ஊருணியிலும் நம் முன்னோர் ஏன் அவ்வளவு கவனம் வைத்தார்கள் என்பது இந்தப் பெருக்கலிலேயே புரியும். மழைமானி செய்ய, பக்கச் சுவர் நேராக உள்ள பாட்டிலை எடுத்து, கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடிப்பகுதி குழிந்திருக்கும், நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறியுங்கள். இதை விட்டால் அளவு தப்பும். தினமும் காலை 8.30க்குப் படிக்க வேண்டும். ஊருணியைக் கரையிலிருந்து பார்த்தால் போதும், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

எட்டாம் வகுப்புக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்யும் வண்ணத் தரைக்கல். கண்ணாடி மேல் சட்டமும் டிசைன் அச்சும் வைத்து, நிறக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்குகிறார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை நிரப்புகிறார்கள். அந்த உலர்தூள் நிறக் கலவையில் மிச்சமுள்ள தண்ணீரை உறிஞ்சும். நிறம் தண்ணியாக இருந்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். இந்தக் கல் சூளைக்குப் போவதில்லை, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. சிமென்ட் காய்வதால் கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிவதால்தான் கெட்டியாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கணக்கு வகுப்பில் நாலு கல்லைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி அடுக்கினால் சுழல் சமச்சீர் கண்முன்னே தெரியும். ஈர சிமென்ட் தோலைப் புண்ணாக்கும், அதனால் கையுறை கட்டாயம்.

சொல்லித்தர வரும் கல் தொழிலாளிக்கும் பனையோலைக் கொட்டான் (கூடை) முடைகிற அம்மாவுக்கும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். சால்வை மட்டும் போர்த்தி அனுப்புவது மரியாதை ஆகாது.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். பாரம்பரியம் என்ற பெயரில் சாதி வழக்கம் உள்ளே வரக் கூடாது. பெருக்குவது, பரிமாறுவது, கடைப் பொறுப்பு எல்லாம் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, ஆண் பெண் வித்தியாசமில்லாமல் சுற்றி வரட்டும். தச்சர் வீட்டுப் பிள்ளையைத் தச்சு வேலைக்கு என்று தனியே கூப்பிடாதீர்கள்.

ஜூனில் கடையைத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் மழைமானி. கல் வேலை பொங்கல் கழித்து. வாரம் இரண்டு பீரியடுக்கு மேல் எடுக்காதீர்கள். மார்ச் பிறந்ததும் கடையை மூடிக் கணக்கை முடித்துவிட்டு, பிள்ளைகளைத் தேர்வுக்குப் படிக்க விடுங்கள்.