"பேங்க் பணம்தானக்கா!"

கேள்வி: தம்பி வில்லிவாக்கத்தில் ஃபிளெக்ஸ் அச்சிடும் கடை வைத்திருக்கிறான். நடக்காத வியாபாரத்துக்கெல்லாம் பில் போட்டு, வருமானத்தைக் கூட்டிக் காட்டி 20 லட்சம் கடன் கேட்டிருக்கிறான். ஜாமீன் கையெழுத்து நான் போட வேண்டுமாம். "பேங்க் பணம்தானக்கா, யார் வயித்துல அடிக்கிறோம்?" என்கிறான். மறுத்தால் உறவு அறுந்துவிடுமோ?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதல் அடி உங்கள் வயிற்றில்தான் சகோதரி. 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. தம்பியைத் தேடிப் பிடித்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. அந்தக் கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், அண்ணன் மகனுக்கு ஜாமீன் போட்டதையே மறந்திருந்தார். மகள் படிப்புக்குக் கடன் கேட்டுப் போன அன்று, அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாராம்: பதினோரு தவணை பாக்கி. கொண்டுபோன அட்மிஷன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அவருக்காவது விஷயம் தெரியாது. பில் பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டால் நீங்கள் உடந்தை. இப்படி ஏமாற்றுவதற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் 7 வருடம் வரை சிறை உண்டு.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். வங்கிக்கென்று தனியாக ஏது பணம்? நம் டெபாசிட்தான். 2019-இல் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில், ஒரே கட்டுமானக் குழுமத்தின் வாராக்கடனைப் போலிக் கணக்குகளால் மறைத்தது வெளியே வந்தது. சேமித்தவர்கள் முதலில் எடுக்க முடிந்தது கணக்குக்கு 1,000 ரூபாய்! வங்கி முடங்கினால் சேமித்தவருக்குக் கிடைக்கும் டெபாசிட் காப்பீட்டை 5 லட்சமாக உயர்த்தியதே 2020-இல்தான். தம்பியின் 20 லட்சத்தால் வங்கி கவிழாது, உண்மை. ஆனால் கடனைச் சிபாரிசு செய்த அதிகாரிக்கு மெமோ போகும். அடுத்து, ஒழுங்காகக் கணக்கு வைத்துத் தையல் கடை நடத்தும் பெண் ஒருவரிடம் "இன்னொரு ஜாமீன் கொண்டு வாங்கம்மா" என்பார்கள். ஏன் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை.

உறவு பற்றி: கையெழுத்துப் போட்டு அறுந்த உறவுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஃபோனில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். சாங்ஷன் ஆவதற்குள் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். உண்மைக் கணக்கைக் காட்டினால், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமலே கேட்கலாம். அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டுமானால் கூட உட்காருங்கள்.