ஒரே மஸ்காரா, மூன்று பேருக்குக் கண்வலி

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எட்டு வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தங்கைக்குக் கண் சிவந்திருந்தது. ராத்திரி தூக்கமில்லை என்றாள், நானும் நம்பிவிட்டேன். அவளுக்குப் போட்ட மஸ்காராவையே பெண்ணுக்கும் பெரியம்மாவுக்கும் போட்டேன். இரண்டே நாளில் இருவருக்கும் கண்வலி. தப்பு என் மேலா? எனக்கும் சில மாதமாக விரல்களில் அரிப்பு, வெடிப்பு.

பதில்: அன்புள்ள சகோதரி, கல்யாண வீட்டில் துண்டு, தலையணை, கை எல்லாவற்றின் வழியாகவும் கண்வலி பரவும். அதனால் உங்கள் மஸ்காராதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிவந்த கண்ணில் பட்ட பிரஷ்ஷை அடுத்தவர் கண்ணுக்குக் கொண்டுபோனது தப்புதான். இதை மழுப்பினால் அடுத்த கல்யாணத்திலும் இதுவே நடக்கும்.

முதலில் அந்த இருவருக்கும் போன் செய்யுங்கள். வெளிச்சம் பார்த்தால் கண் கூசுகிறதா, பார்வை மங்குகிறதா, வலி கடுமையாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் காத்திருக்கவே கூடாது.

அந்த மஸ்காராவைத் தூக்கிப் போடுங்கள். கண்ணைத் தொட்ட பிரஷ் திரும்பக் குழாய்க்குள் போனதும், அந்த ஈரமும் இருட்டும் கிருமிக்கு வசதியாகிவிடுகிறது. உள்ளே போய் அதைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிரஷ்கள் வாங்குங்கள். ஒரு பிரஷ்ஷைக் குழாயில் ஒரே ஒரு தடவைதான் விடலாம், இன்னொரு தடவை மை வேண்டுமென்றால் புது பிரஷ். நானாக இருந்தால் மஸ்காரா விலையையும் கூலியோடு சேர்த்து வாங்கிக்கொண்டு, புதிதாகப் பிரித்ததைப் பெண்ணிடமே கொடுத்துவிடுவேன். லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்க்காமல், சுரண்டித் தட்டில் எடுத்துப் போடுங்கள்.

ஆல்கஹால் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 70 சதவீத ஆல்கஹால் பல பாக்டீரியாக்களைக் கொல்லும், சரி. ஆனால் கண்வலிக்குப் பெரும்பாலும் காரணமான அடினோவைரஸ் அதற்கு எளிதில் மசியாது. அதனால் கண் சிவந்து, பீளை கட்டியிருந்தால் "இன்றைக்குக் கண்ணைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். உதட்டோரம் கொப்புளம் இருந்தால் உதட்டுக்கும் அதேதான். கல்யாண வீட்டில் எல்லாரும் அவசரப்படுத்தும்போது இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் நாட்டின் 1993ஆம் ஆண்டு தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. தனியாளாகச் சொந்தத் தொழில் செய்பவரும் தன் வேலையால் மற்றவர் உடல்நலத்துக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

டர்பன் கோடையில் இன்னொரு தொல்லை, எதுவுமே காய்வதில்லை. பல வாரம் பயன்படுத்திய ஸ்பாஞ்ச் ஒன்றை இரண்டாக நறுக்கிப் பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கலாம். ஆளுக்கொரு ஸ்பாஞ்ச்தான் நல்லது. பிரஷ்களை சோப்புப் போட்டுக் கழுவி, மயிர் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே பையில் வையுங்கள்.

ஒட்டு இமைப் பசை ஒத்துக்கொள்கிறதா என்று 48 மணி நேரம் முன்பே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டுப் பொட்டை மறந்துவிடாதீர்கள். சில பொட்டுப் பசைகளில் உள்ள ரசாயனம் நெற்றியில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும், அது எளிதில் மாறாது. கருப்பு மருதாணி வேண்டவே வேண்டாம். அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனத்தால் தோல் கொப்பளித்துப் போனவர்கள் உண்டு.

இனி உங்கள் கை. ஓயாமல் கழுவுவதும் ஆல்கஹாலும் ஈரத் துடைப்பான்களும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். அதற்கு மேல் பசையோ வாசனைப் பொருளோ ஒவ்வாமையாகவும் இருக்கலாம். வெடித்த தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி சுலபமாகக் குடியேறும், உங்கள் கையிலிருந்து அடுத்தவர் முகத்துக்கும் போகும். ஆறும்வரை பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போட்டு, ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஒவ்வொரு முறை கை கழுவியதும் வாசனையில்லாத களிம்பு தடவுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எது ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். போகும்போது உங்கள் பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளின் லேபிளையும் போனில் படம் பிடித்துக் கொண்டுபோங்கள்.