பெரிய மீடியாவில் வேலை: கேள்வி பதில்

சென்னையில் நாளிதழ், டிவி, வெப் மூன்றையும் நடத்தும் ஒரு பெரிய நிறுவனத்தில் பல வருடம் இருந்தேன். செய்திகளைத் திருத்தும் சப்-எடிட்டராகச் சேர்ந்து, பிறகு டிவியில் எது எப்போது ஒளிபரப்பாகும் என்று பார்க்கும் அவுட்புட் டெஸ்க்கிலும் வேலை பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிறேன். முதல் வேலைக்கு பேப்பரா, டிவியா? டெஸ்க்ல என்னதான் செய்வாங்க? (மாணவி, திருச்சி)

முதல் இரண்டு வருடம் பேப்பர் டெஸ்க்கில் இரும்மா. மதியத்துக்கு மேல் உள்ளே போவாய். மாவட்ட நிருபர் அவசரத்தில் தட்டி அனுப்பிய மேட்டர் வந்து கிடக்கும். விபத்துச் செய்தியில் இறந்தவரின் வயது முதல் பத்தியில் ஒன்று, கடைசிப் பத்தியில் இன்னொன்று; எந்தப் போலீஸ் ஸ்டேஷன் என்றே இருக்காது. போன் போட்டுக் கேட்டு, திருத்தி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் ஏற்ற வேண்டும். தூரத்து ஊர்களுக்கு வேன் கிளம்ப வேண்டும் என்பதால் அந்தப் பதிப்புகள் முதலில் முடியும். நகரப் பதிப்பு நள்ளிரவைத் தொடும். ஒரே செய்தியை ஒரே இரவில் மூன்று அளவில் எழுதப் பழகிவிடுவாய்.

டிவியில் வியாழக்கிழமை பார்க் (BARC) ரேட்டிங் வரும்; எந்தச் சேனலை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அது. அன்றைய மீட்டிங்கில் எந்த அரை மணி நேரம் ஏறியது, எது இறங்கியது என்பதுதான் பேச்சு. எது செய்தி என்று உனக்கே ஒரு தெளிவு வருவதற்கு முன்னால் அந்த எண்களைப் பார்த்து வளர வேண்டாம்.

ஆஃபர் வந்திருக்கு சார். ஆனா லெட்டர்ல பேப்பர் பெயர் இல்லை, வேற ஏதோ கம்பெனி பெயர். பதவி ‘எக்ஸிகியூட்டிவ்’னு போட்டிருக்கு. ஒரு வருஷ கான்ட்ராக்ட். கையெழுத்துப் போடலாமா? (நிருபர், கோவை)

தம்பி, பெரிய நிறுவனம் என்ற மயக்கத்தில் பலர் படிக்காமல் கையெழுத்துப் போடும் இடம் இதுதான்.

1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சு ஊடகத்தில் இருப்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு கொடுத்தது. அதன் விதிகளில் பகல் ஷிப்ட் 6 மணி நேரம், இரவு ஷிப்ட் ஐந்தரை மணி நேரம்தான் இருந்தது. சம்பளம் அரசு அமைத்த ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி நிர்ணயமானது. நீதிபதி மஜீதியா குழுவின் பரிந்துரை 2011 நவம்பரில் அரசாணை ஆனது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதைக் கொடுக்காமல் இருக்க நிர்வாகங்கள் பிடித்த வழிகளில் ஒன்று நீங்கள் சொல்லும் இந்த லெட்டர். செய்தி எழுதுகிறவருக்கு ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று பதவி போட்டால், பிறகு “இவர் பத்திரிகையாளரே இல்லை” என்று வாதிடலாம். குழுவின் சம்பளம் வேண்டாம் என்று ஊழியர்களிடமே எழுதி வாங்கிய இடங்களும் உண்டு. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம், கான்ட்ராக்ட் ஊழியருக்கும் அந்த ஊதியம் உண்டு, அப்படி எழுதிக் கொடுத்ததைக் காட்டிக் குறைவாகக் கொடுக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் பாக்கியை வாங்க ஒவ்வொருவரும் தொழிலாளர் துறைக்கும் நீதிமன்றத்துக்கும்தான் நடக்க வேண்டியிருந்தது. வேலையில் இருந்துகொண்டே நடந்தவர்கள் சிலர்தான்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. டிவி, டிஜிட்டல் ஆட்களும் இப்போது பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள்; நியமனக் கடிதம் கட்டாயம். அதனால் ‘நிருபர்’ என்று பதவியைத் திருத்திக் கேளுங்கள். கொடுக்க மறுத்தாலும் பரவாயில்லை, மெயிலில் எழுதிக் கேளுங்கள். பைலைன் (செய்தியின் மேல் உங்கள் பெயர்) வந்த பக்கங்களையும், பணி ஒதுக்கிய மெசேஜ்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் நிருபர் என்பதற்கு அவைதான் சாட்சி.

பகுதிநேர நிருபரா இருக்கேன். செய்திக்கு இவ்வளவுன்னு காசு. கேமரா, பெட்ரோல் என் செலவு. தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடிச்சுத் தரணுமாம். (ராமநாதபுரம் மாவட்டம்)

மனசு கனக்கிறது சகோதரரே. புயல், மீனவர் கைது என்று முதலில் போய் நிற்பது நீங்கள். சென்னையில் ஏசி அறையில் நாங்கள் போட்ட தலைப்புகளில் பாதிக்கு மேல் உங்கள் காலில் நடந்து வந்தவை. விளம்பரம் கேட்டு நீங்கள் போய் நின்ற பள்ளியைப் பற்றி நாளைக்குப் பெற்றோர் புகார் கொண்டுவந்தால் எப்படி எழுதுவீர்கள்? இது தனிமனிதர் நேர்மை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, நிர்வாகம் உருவாக்கிய நெருக்கடி. இந்த வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த வேண்டாம். அனுப்பிய செய்தி, வெளியான தேதி, வந்த பணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாக்கி கேட்கும்போது அது பேசும்.

பிரஸ் மீட்ல பணம் வெச்ச கவர் கொடுத்தா?

வாங்காதீர்கள். அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

பிரேக்கிங்ல முந்தணும்னு தினமும் நெருக்கடி. தப்பாப் போனா எங்க தலையில விழுது. (டிவி டெஸ்க், சென்னை)

2016 டிசம்பர் 5 மாலையை நினைத்துப் பாருங்கள். முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில சேனல்கள் போட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. அவர் இறந்தது இரவு 11.30-க்கு என்று மருத்துவமனை அறிவித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அன்று நான் பேப்பர் டெஸ்க்கில் இருந்தேன். முதல் பக்கம் இரண்டு விதமாக லேஅவுட் செய்து தயாராக இருந்தது. டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆளாளுக்குப் போன், சர்க்குலேஷன் பிரிவிலிருந்து “வேன் நிற்கிறது” என்று சத்தம். எங்கள் செய்தியாசிரியர், “அறிக்கை கைக்கு வரட்டும்” என்ற ஒரே வார்த்தையோடு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரிடம் நான் கற்றது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

உங்கள் டெஸ்க்கில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நீங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். யார் சொல்லிப் போடுகிறோம் என்பதை டெஸ்க் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள்: “இன்புட் உறுதி செய்தது, 5.40” (இன்புட் என்பது நிருபர்களிடமிருந்து செய்தி வாங்கும் பிரிவு). அதோடு நிருபர் பெயரையும் சேர்த்துவிட்டால், பிறகு கடைசியில் இருக்கும் சப்-எடிட்டர் மட்டும் பலியாக மாட்டார். மரணம், கலவரம், தேர்வு முடிவு இந்த மூன்றிலும் பின்தங்கினாலும் பரவாயில்லை.

சீனியர் ஒருத்தர் இரவு ஷிப்ட்ல தொடர்ந்து தொந்தரவு பண்றார். நான் டிரெய்னிதான், புகார் எடுப்பாங்களா?

எடுத்தே ஆக வேண்டும் தங்கச்சி. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டத்தில் டிரெய்னி, கான்ட்ராக்ட் எல்லோரும் அடக்கம். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்திலேயே உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும், வெளியாள் ஒருவர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடு. விசாரணை முடியும்வரை அவர் இல்லாத ஷிப்டுக்கு மாற்றக் கேட்கலாம். மெசேஜ் எதையும் அழிக்காதே. எச்.ஆர். “பேசி முடிச்சுக்கலாம்” என்று கூப்பிட்டால் தனியாகப் போகாதே.

நாலு வருஷம் ஆச்சு, வெளியே வரப்போறேன். என்ன கவனிக்கணும்?

ராஜினாமாவை மெயிலில் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. பத்திரிகையாளருக்குப் பணிக்கொடை (கிராச்சுட்டி) பெற ஐந்து ஆண்டு தேவையில்லை, புதிய சட்டத்தில் மூன்று ஆண்டு போதும். எச்.ஆர். ஐந்து என்று சொன்னால் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பைக் காட்டிக் கேளுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் எல்லா மாதமும் பணம் ஏறியிருக்கிறதா என்று வெளியே வருமுன் பாருங்கள். அனுபவச் சான்றிதழில் உங்கள் உண்மையான பதவி இருக்கட்டும். ஆபீஸ் மெயில் மூடப்படும் முன் உங்கள் பைலைன் பக்கங்களை இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.